அம்லோடிபின் ஒரு பூனையின் தமனியிலும் இதயத்திலும் என்ன செய்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதான உங்கள் பெண் பூனை ஒரே இரவில் பார்வை இழந்து சுவரில் முட்டிக்கொண்டு நடந்திருக்கிறது. பரிசோதித்த மருத்துவர் சிஸ்டாலிக் ரத்த அழுத்தம், அதாவது இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம், 210 இருப்பதாகவும், விழித்திரை விலகியிருப்பதாகவும், சிறுநீரகங்கள் ஓரளவு பழுதடைந்திருப்பதாகவும் கூறி, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் என்ற மருந்தின் 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கைத் தினமும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் அப்பாவும் அதே மருந்தைச் சாப்பிடுகிறார். மனிதருக்கான மருந்து பூனையின் இதயத்தைப் பலவீனமாக்கிவிடாதா, அப்பாவின் மாத்திரையிலிருந்தே கிள்ளிக் கொடுக்கலாமா, வீட்டில் இருக்கும் வால்வு கசியும் கிழட்டு நாய்க்கும் இது உதவுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு நேரடியான விடை: பூனைக்குச் சொல்லப்பட்டிருக்கும் அளவில் அம்லோடிபின் இதயத் தசையைக் குறிப்பிடத்தக்க வகையில் தொடுவதில்லை. அது தமனிகளில் வேலை செய்கிறது. தமனி தளர்ந்ததும் அந்த மாற்றத்துக்கு இதயமும் நரம்புகளும் சிறுநீரகமும் மறுமொழி கொடுக்கின்றன. இதயத்தில் நாம் காண்பவை பெரும்பாலும் அந்த மறுமொழிகள்தாம். கால்நடை மருந்தியலைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு, மாணவர்கள் இந்த மருந்தைப் பற்றிச் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வருகின்றன என்றே தோன்றுகிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ரத்த அழுத்தம் என்பது இரண்டு காரணிகளின் பெருக்கல். இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு ஒன்று. அந்த ரத்தம் உடலுக்குள் பாயும்போது குழாய்கள் காட்டும் எதிர்ப்பு மற்றொன்று. விலங்கின் ரத்த அழுத்தத்தை முதன்முதலாக அளந்து எழுதியவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நிற்பதை அவர் பார்த்தார். அந்த முடிவுகள் 1733 இல் அச்சாயின. அந்த உயரத்தில் எவ்வளவு இதயத்தின் தள்ளுவிசை, எவ்வளவு குழாய்களின் இறுக்கம் என்பதைப் பிரித்தறியப் பின்வந்தவர்களுக்கு நெடுங்காலம் ஆனது. இன்று நமக்குத் தெரிந்தவரை, எதிர்ப்பின் பெரும்பகுதி மகாதமனியிலோ தந்துகிகளிலோ இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நுண்தமனிகளில் இருக்கிறது. அவற்றின் சுவரில் வளையம் வளையமாக அமைந்த மென்தசை சுருங்கினால் குழாய் குறுகும். ஆரம் சிறிதளவு குறைந்தாலும் எதிர்ப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறும். ஆரம் பாதியானால் எதிர்ப்பு பதினாறு மடங்காகும். ரத்த அழுத்த மருந்துகள் பலவும் இந்த மெல்லிய வளையங்களையே குறிவைப்பது இதனால்தான்.

அந்த மென்தசை சுருங்க வேண்டுமானால் உயிரணுவுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். சவ்வில் 'எல் வகை' என்று அழைக்கப்படும் கால்சியம் சேனல்கள், அதாவது கால்சியம் நுழையும் வாயில்கள், திறக்கும்போது கால்சியம் உள்ளே வருகிறது. அது கால்மாடுலின் என்ற புரதத்துடன் சேர்ந்து ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி மயோசின் என்ற தசைப் புரதத்தை ஆயத்தப்படுத்த, தசை சுருங்குகிறது. அம்லோடிபின் அந்தச் சேனலில் உட்கார்ந்துகொண்டு கால்சியத்தின் வரவைக் குறைக்கிறது. தசை தளர்கிறது, நுண்தமனி விரிகிறது, எதிர்ப்பு இறங்குகிறது, அழுத்தம் குறைகிறது. சிரைகளில் இதன் விளைவு மிகக் குறைவு. எனவே இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் அவ்வளவாகக் குறைவதில்லை. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும்போது சந்திக்கும் சுமைதான் குறைகிறது.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழ வேண்டும். இதயத் தசையிலும் அதே எல் வகைச் சேனல்கள்தாமே இருக்கின்றன, இதயம் துடிப்பதற்கும் கால்சியம்தானே வேண்டும், அப்படியிருக்க மருந்து இதயத்தை மட்டும் எப்படி விட்டுவைக்கிறது? விடை சேனலின் நிலையில் இருக்கிறது. ஒரு சேனல் மூடிய நிலை, திறந்த நிலை, திறந்து முடித்துச் செயலடங்கிய நிலை என மாறி மாறி வரும். அம்லோடிபின் சேர்ந்திருக்கும் டைஹைட்ரோபிரிடின் குடும்பத்து மருந்துகள், செயலடங்கிய நிலையில் இருக்கும் சேனலைத்தான் அதிகமாகப் பற்றிக்கொள்கின்றன. தமனியின் மென்தசை உயிரணு ஓய்விலும் ஏறத்தாழ கழித்தல் 50 மில்லிவோல்ட்டில் இருக்கும். அந்த மின்னழுத்தத்தில் சேனல்களில் கணிசமானவை செயலடங்கியே கிடக்கும். இதயக் கீழறையின் தசை உயிரணுவோ ஒவ்வொரு துடிப்புக்கும் பின் கழித்தல் 80, 90 மில்லிவோல்ட் வரை இறங்கி முழுவதுமாக ஓய்வெடுக்கிறது. மருந்து பற்றிக்கொள்ள அங்கே வாய்ப்புக் குறைவு. அத்துடன் இரு இடங்களிலும் உள்ள சேனல் புரதங்கள் சிறிதளவு வேறுபட்ட வடிவங்கள். ஆகவே, உடலிலிருந்து பிரித்தெடுத்து ஊட்டக் கரைசலில் துடிக்கவிடும் எலியின் அல்லது கினிப்பன்றியின் இதயத்தின் மீது இந்த மருந்தைச் செலுத்தினால், அதன் சுருங்கும் வலு குறையத்தான் செய்யும். ஆனால் தமனியைத் தளர்த்தத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு செறிவு அதற்கு வேண்டும்.

எல்லாக் கால்சியம் தடுப்பான்களும் இப்படி இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இந்த வகை மருந்துகளின் கதை தொடங்கியதே இதயத் தசையில்தான். 1960களில் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கென்ஸ்டைன், வெராபமில் போன்ற பொருள்களைச் செலுத்திய இதயத் தசை, கால்சியம் அகற்றப்பட்ட தசையைப் போலவே வலுவிழப்பதையும், கால்சியத்தைக் கூட்டினால் வலு திரும்புவதையும் கண்டார். வெராபமிலும் டில்டியாஸெமும் இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சையும், மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டலைக் கடத்தும் முடிச்சையும் மெதுவாக்குகின்றன. இதனால் மேலறை நடுக்கம் உள்ள நாய்களில் துடிப்பைக் கட்டுப்படுத்த டில்டியாஸெம் இன்றும் பயன்படுகிறது. 'கால்சியம் தடுப்பான் இதயத்தைத் தளர்த்தும்' என்று நீங்கள் எங்கேனும் படித்திருந்தால், அது பெரும்பாலும் இந்த இரண்டையும் குறித்து எழுதப்பட்டதாக இருக்கும். ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் குழப்பம் நேர்கிறது.

இனி உடலின் மறுமொழிக்கு வருவோம். அழுத்தம் இறங்கியதும் கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் கட்டுப்பாடு தளர்கிறது, துடிப்பை விரைவாக்கும் பரிவு நரம்புகள் முடுக்கப்படுகின்றன, இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது. மயக்கம் கொடுக்கப்படாத நாய்க்கு அம்லோடிபினைச் சிரை வழியே ஊசியில் செலுத்தினால் இதுவே நடக்கும்: எதிர்ப்பு குறையும், துடிப்பு கூடும், வெளியேறும் ரத்தத்தின் அளவும் உயரும். பிரித்தெடுத்த இதயத்தில் வலுவைக் குறைக்கும் அதே மருந்து, முழு விலங்கில் இதயத்தை விரட்டுவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

இந்த மறுமொழி எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது அழுத்தம் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. இதே குடும்பத்தில் முன்னதாக வந்த நிஃபெடிபின் விரைவாகச் செயல்பட்டு விரைவாக நீங்கிவிடும். ஒவ்வொரு வேளைக்கும் இதயம் படபடக்கும். அம்லோடிபினின் மூலக்கூறில் ஒரு அமினோ தொகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. உடலின் இயல்பான அமில-கார நிலையில் அது மின்னூட்டம் பெற்று, சவ்வுகளில் தங்கி, சேனலை மெல்லப் பற்றி மெல்ல விடுகிறது. மனிதரில் இதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், 35 முதல் 50 மணி நேரம். நாயில் ஏறத்தாழ 30 மணி. எலியில் சில மணி நேரமே. பூனையில் இரண்டு நாளையொட்டி. ஆகவே உங்கள் பூனைக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். அழுத்தம் படிப்படியாக இறங்குவதால் இதயத்தின் படபடப்பும் அடங்கியே இருக்கும். மருந்து ரத்தத்தில் நிலையான அளவை எட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால்தான், பத்து நாள், இரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். அழுத்தம் மிக அதிகமாக இருந்து கண்ணோ மூளையோ பாதிக்கப்பட்டிருந்தால் அதற்கும் முன்னதாகவே, ஓரிரு நாளில், அழைத்துப் பார்ப்பார்.

அழுத்தத்தைக் குறைப்பது மட்டும் இதயத்துக்குப் போதுமா என்ற கேள்விக்கு விலங்கு ஆய்வுகளில் மிகத் தெளிவான ஒரு விடை உண்டு. 1963 இல் கியோட்டோவில் ஒகமோட்டோவும் ஆவோகியும் ஓர் எலி இனத்தைப் பிரித்து வளர்த்தார்கள். அந்த எலிகளுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லாமல், வயது ஏற ஏறத் தாமாகவே ரத்த அழுத்தம் உயரும், இடது கீழறை தடிக்கும். அந்த எலிகளுக்குப் பரிவு நரம்புகளை அடக்கும் மெத்தில்டோபா என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தபோது இதயத்தின் தடிப்பும் குறைந்தது. தமனிகளை மட்டும் தளர்த்தும் ஹைட்ரலஸினைக் கொடுத்தபோது அழுத்தம் இறங்கியது, ஆனால் தடித்த இதயம் தடித்தபடியே இருந்தது. 1970களில் வெளியான இந்த முடிவு என் மாணவர் பருவத்தில் என்னை மிகவும் பாதித்தது. இதயம் தன் எதிரே நிற்கும் அழுத்தத்துக்கு மட்டும் தடிப்பதில்லை. பரிவு நரம்புகளும், ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனும் அனுப்பும் செய்திகளுக்கும் தடிக்கிறது. ஹைட்ரலஸின் அழுத்தத்தைத் திடீரென்று இறக்குவதால் அந்தச் செய்திகள் பெருகுகின்றன. மெதுவாகச் செயல்படும் கால்சியம் தடுப்பான்களில் அந்தக் கிளர்ச்சி குறைவு. அதே எலி இனத்தில் அவை தடிப்பையும் குறைத்திருக்கின்றன.

இந்த மறுமொழியின் மிகக் கொடிய வடிவம் மினாக்ஸிடில் என்ற மருந்தில் தெரிந்தது. அது மென்தசையின் பொட்டாசியம் சேனல்களைத் திறந்து தமனிகளை மிக வலுவாக விரிக்கும் ரத்த அழுத்த மருந்து. நாய்களுக்கு அதைச் சில நாட்கள் கொடுத்தபோது வலது மேலறையில் ரத்தக்கசிவுடன் கூடிய புண்களும், இடது கீழறையில் வால்வின் நாண்களைப் பிடித்திருக்கும் தசைத் திரட்சிகளில் திசு இறப்பும் காணப்பட்டன. ஓய்வில் இருக்கும் நாயின் இதயம் வேகஸ் நரம்பின் வலுவான கட்டுப்பாட்டில் மெதுவாகத் துடிப்பது. அழுத்தம் சரிந்தால் அந்தக் கட்டுப்பாடு விலகித் துடிப்பு வெகுவாக எகிறும். இதயத்தின் சொந்தத் தமனிகளில் ரத்தம் பெரும்பாலும் துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வில்தான் பாய்கிறது. துடிப்பு எகிறும்போது அந்த ஓய்வு குறுகுகிறது, தள்ளும் அழுத்தமும் குறைந்துவிடுகிறது, உழைப்போ கூடியிருக்கிறது. கீழறையின் உட்புறத் தசைதான் முதலில் பட்டினி கிடக்கிறது. மினாக்ஸிடில் எடுத்து இறந்த மனிதர்களின் இதயங்களைப் பரிசோதித்தபோது வலது மேலறையில் அந்த வகைப் புண்கள் இல்லை. ஒரே மருந்து, ஒரே குறி, ஆனால் விலங்கின் மறுமொழி வேறு. எனவே ஓர் இனத்தில் கண்டதை அப்படியே இன்னோர் இனத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன்.

இதையொட்டி உங்கள் வீட்டுக்கே பொருந்தும் ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். அதே மினாக்ஸிடில்தான் முடி வளர்வதற்காகத் தலையில் தடவும் கரைசலாக இன்று மருந்துக்கடைகளில் விற்கப்படுகிறது. தலையணையில் ஒட்டிய ஈரத்தையோ, தடவியவரின் கையையோ நக்கிய பூனைகள் நுரையீரலிலும் அதைச் சுற்றியும் நீர் கோத்து இறந்திருக்கின்றன. பூனை இருக்கும் வீட்டில் அந்தக் கரைசலைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

உங்கள் பூனையின் இதயத்துக்குத் திரும்புகிறேன். பூனைகளில் ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் வேறொரு நோயின் நிழலாகவே வருகிறது: நாட்பட்ட சிறுநீரக நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, சில வேளை உடலில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் மிகைச் சுரப்பு. அழுத்தம் மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் இடது கீழறை அதைத் தாங்கும்பொருட்டுத் தன் சுவரைத் தடிக்கவைத்துக்கொள்ளும். கேட்புக் குழாயில் முணுமுணுப்போ, கூடுதலான மூன்றாவது ஒலியோ கேட்கும். அம்லோடிபின் இதயம் எதிர்த்துத் தள்ளும் சுமையைக் குறைப்பதால் கீழறையின் உழைப்பும் அதற்கு வேண்டிய ஆக்ஸிஜனும் குறைகின்றன. சில பூனைகளில் சுவரின் தடிப்பும் காலப்போக்கில் குறைகிறது, எல்லாவற்றிலும் அல்ல. ஆகவே இந்த மருந்து அவளுடைய இதயத்தைப் பலவீனமாக்குவதற்கு மாறாக, அதன் சுமையை இறக்கிவைக்கிறது என்று சொல்வதுதான் சரி.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. பூனைகளில் பரவலாக இருக்கும் இதயநோய், ரத்த அழுத்தத்தோடு தொடர்பில்லாமல் கீழறைச் சுவர் தடித்துப்போகும் ஒரு தசைநோய். அவற்றில் ஒரு பகுதியில், இதயம் சுருங்கும்போது இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வின் இதழ் இழுபட்டு, ரத்தம் வெளியேறும் வழியையே அடைக்கிறது. அப்படிப்பட்ட இதயத்துக்கு எதிரே தமனியின் எதிர்ப்பைக் குறைத்தால் அடைப்பு கூடலாம். தடிப்பு அழுத்தத்தால் வந்ததா, தசைநோயால் வந்ததா என்பது வெளியிலிருந்து தெரியாது. பூனைக்கு முணுமுணுப்பு இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், எக்கோ என்ற இதய அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். அதேவேளை 210 என்ற அளவும் விலகிய விழித்திரையும் கண்முன் இருக்கையில், எக்கோவுக்காக மருந்தைத் தள்ளிப்போடுவது தவறு என்பதே என் கருத்து.

சிறுநீரகத்தைப் பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். வடிகட்டும் குளோமருலஸ் முடிச்சுக்கு உள்ளே வரும் நுண்தமனி ஒன்று, வெளியேறும் நுண்தமனி ஒன்று. கால்சியம் தடுப்பான்கள் பெரும்பாலும் உள்வரும் குழாயையே விரிக்கின்றன. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் பெனாஸெப்ரில், டெல்மிசார்டான் போன்றவை வெளியேறும் குழாயை விரித்து முடிச்சுக்குள் அழுத்தத்தைக் குறைக்கின்றன. கோட்பாட்டின்படி பார்த்தால் அம்லோடிபின் அந்த முடிச்சுகளுக்குத் தீங்கு செய்ய வேண்டும். நடைமுறையில், ரத்தக்கொதிப்பு உள்ள பூனைகளில் அம்லோடிபின் கொடுத்தபின் சிறுநீரில் கசியும் புரதம் குறைகிறது. உடலெங்கும் அழுத்தம் இறங்குவதன் பயன் அந்தக் கோட்பாட்டுக் கேட்டைவிடப் பெரிதாக இருக்கிறது. பெனாஸெப்ரிலைத் தனியாகக் கொடுத்தால் பூனையின் அழுத்தம் சிறிதளவே இறங்கும், 210ஐ அது மட்டும் சமாளிக்காது. டெல்மிசார்டானின் நிலை வேறு. பூனைக்கென்றே தயாரிக்கப்பட்ட திரவ வடிவத்தை ரத்தக்கொதிப்புக்காக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 இல் அனுமதித்தது. அம்லோடிபின் போதாத பூனைக்கு அதைச் சேர்ப்பதும் உண்டு.

கண்ணைப் பொறுத்தவரை, விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலம் மிகை அழுத்தத்தைத் தாங்க முடியாமல் நீரைக் கசியவிடுகிறது. அந்த நீர்தான் விழித்திரையைப் பிரிக்கிறது. அழுத்தம் இறங்கினால் கசிவு நின்று, நீர் உறிஞ்சப்பட்டு, விழித்திரை மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பார்வை திரும்புவது எவ்வளவு விரைவில் மருந்து தொடங்கப்பட்டது என்பதைப் பெரிதும் பொறுத்தது. விலகியே பல நாள் கிடந்த விழித்திரை ஒட்டிக்கொண்டாலும் அதன் உயிரணுக்கள் மீள்வதில்லை. உங்கள் பூனைக்கு மறுநாளே மருந்து தொடங்கியது பெரிய நன்மை. ஒளியை நோக்கித் தலையைத் திருப்புகிறதா, கீழே விழும் பஞ்சைக் கண்ணால் தொடர்கிறதா என்று பாருங்கள். முழுப் பார்வை வராவிட்டாலும், வீட்டுப் பொருள்களை இடம் மாற்றாமல் வைத்தால் பூனை மீசையையும் நினைவையும் கொண்டு நன்றாகவே நடமாடும்.

அப்பாவின் மாத்திரையிலிருந்து கிள்ளிக் கொடுக்கும் யோசனைக்கு வருகிறேன். கணக்கைப் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ள மனிதர் 5 மில்லிகிராம் எடுத்தால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.08 மில்லிகிராம். நான்கு கிலோ பூனைக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, அதாவது 0.625 மில்லிகிராம் கொடுத்தால் ஒரு கிலோவுக்கு 0.16. பார்வைக்கு ஒரு துணுக்கு. எடைக்கணக்கில் அப்பாவைவிட இரு மடங்கு. பூனைக்கு இது பொருத்தமான அளவுதான். ஆனால் பிழைக்கு இடமில்லாத அளவு. 5 மில்லிகிராம் மாத்திரை முழுதாக உள்ளே போனால் அது எட்டு மடங்கு.

நம் மருந்துக்கடைகளில் இருக்கும் இரண்டு சிக்கல்களை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று, இந்தியாவில் அம்லோடிபின் தனியாக மட்டுமல்ல, அடெனோலாலுடனோ, டெல்மிசார்டானுடனோ, லோசார்டானுடனோ, நீரிறக்கி மருந்துடனோ சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் மிகப் பரவலாக விற்கிறது. அட்டையில் பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கடைசியில் ஓரெழுத்து, ஈரெழுத்து மட்டும் மாறும். சிறுநீரகம் பழுதான பூனைக்கு நீரிறக்கி கலந்த மாத்திரை போனால் நீரிழப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் நேரலாம். இரண்டு, எஸ்-அம்லோடிபின் என்ற வடிவமும் இங்கே கிடைக்கிறது. சாதாரண அம்லோடிபின் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு மூலக்கூறுகளின் சரிபாதிக் கலவை. கால்சியம் சேனலைத் தடுப்பது அவற்றில் எஸ் வடிவம்தான். ஆகவே எஸ்-அம்லோடிபின் 2.5 மில்லிகிராம், சாதாரண மாத்திரையின் 5 மில்லிகிராமுக்குச் சமம். அட்டையில் 2.5 என்று இருப்பதைப் பார்த்துக் கால் பங்கு கொடுத்தால் பூனைக்கு இரு மடங்கு போய்ச் சேரும். பூனைக்கென்று தனி அட்டை வாங்கி, அதை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, மாத்திரை வெட்டும் சிறு கருவியால் வெட்டி வையுங்கள்.

அளவிடுதலைப் பற்றிச் சில சொற்கள். மருத்துவமனைக்கு வந்த பயத்திலேயே பூனையின் அழுத்தம் 20, 30 புள்ளிகள் ஏறுவது வழக்கம். எனவே கூடையைத் திறந்து ஐந்து, பத்து நிமிடம் அமைதியாக விட்டு, காலின் அல்லது வாலின் சுற்றளவில் 30 முதல் 40 விழுக்காடு அகலமுள்ள பட்டையைக் கட்டி, முதல் அளவைத் தள்ளிவிட்டு, ஐந்தாறு அளவுகளின் சராசரியை எடுக்க வேண்டும். பட்டை குறுகலாக இருந்தால் அளவு பொய்யாக ஏறும், அகலமாக இருந்தால் பொய்யாக இறங்கும். அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி 2018 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 140க்குக் கீழ் இயல்பு, 160க்கு மேல் ரத்தக்கொதிப்பு, 180ஐத் தொட்டால் உறுப்புகளுக்கு ஆபத்து மிக அதிகம். உங்கள் பூனையை 160க்குக் கீழே கொண்டுவருவதும், முடிந்தால் 140ஐ நெருங்குவதும், 120க்குக் கீழே விழாமல் பார்ப்பதும் குறிக்கோள். மருந்துக்குப்பின் சராசரியாக 30 முதல் 50 புள்ளிகள் இறங்கும். தொடக்க அளவு 200க்கு மேல் இருந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டிவரலாம். அதை முடிவுசெய்ய மறு அளவீடு வேண்டும், ஊகம் போதாது. அளவு நன்றாக இறங்கிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். காரணமான சிறுநீரக நோய் இருக்கும்வரை அழுத்தம் திரும்ப ஏறிவிடும்.

கடைசியாக உங்கள் நாய். மிட்ரல் வால்வு கசியும்போது கீழறை தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கு பின்னோக்கி இடது மேலறைக்குள் பீறிடுகிறது. எவ்வளவு முன்னே போகும், எவ்வளவு பின்னே போகும் என்பது இரு வழிகளின் எதிர்ப்பைப் பொறுத்தது. தமனியின் எதிர்ப்பைக் குறைத்தால் முன்னே போகும் பங்கு கூடும், மேலறையில் அழுத்தம் குறையும், நுரையீரலில் நீர் தேங்குவதும் தணியும். இந்தக் காரணத்தால் மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத இதயச் செயலிழப்பு உள்ள நாய்களுக்கு அம்லோடிபின் சேர்க்கப்படுவதுண்டு. ஆனால் அது முதல் மருந்து அல்ல. இதயத்துக்கு வலுவூட்டும் பிமோபெண்டான், நீரிறக்கியான ஃபுரோஸமைட், பெனாஸெப்ரில் போன்ற ஏ.சி.ஈ. தடுப்பான் ஆகியவற்றுக்குப் பின்னால் வருவது. நாய்க்கு அம்லோடிபினை மட்டும் கொடுத்தால் ரெனின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தொடர் கிளர்ந்தெழுந்து உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும். பூனையைவிட நாயில் இந்தக் கிளர்ச்சி நன்கு காணப்பட்டிருக்கிறது, அதனால்தான் ஏ.சி.ஈ. தடுப்பானைத் துணையாகக் கொடுப்பது வழக்கம். மாதக்கணக்கில் கொடுக்கும் நாய்களில் சிலவற்றுக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். பல்நோய் என்று நினைத்துவிடாமல் மருத்துவரிடம் காட்டினால், மருந்தை மாற்றிய சில மாதங்களில் அது தணிந்துவிடும். உங்கள் நாய்க்கு இருமலோ மூச்சிரைப்போ இல்லாமல் முணுமுணுப்பு மட்டும் இருந்தால், பூனையின் மாத்திரையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

அதற்கு மாறாக, அந்த மாத்திரை அட்டையை நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள். அட்டையோடு கடித்து விழுங்கிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன். மிகை அளவில் மருந்து தமனியை மட்டும் தேர்ந்தெடுக்கும் தன்மையை இழந்து, மேலே சொன்ன அந்தப் பல மடங்கு செறிவில் இதயத் தசையையும் பற்றிக்கொள்கிறது. அழுத்தம் சரியும், முதலில் படபடத்த துடிப்பு பின்பு மந்தமாகும், நுரையீரலில் நீர் கோக்கும். மருந்து மெல்லச் செயல்படுவதால் முதல் சில மணி நேரம் நாய் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே வாந்தி எடுக்கவைத்து, கரி கொடுத்து, சிரை வழியே கால்சியம் குளுகோனேட்டும், தேவைப்பட்டால் கொழுப்புக் குழம்பும் மிகை அளவு இன்சுலினும் செலுத்துவார்கள். அரை ஆயுள் நீண்டது என்பதால் ஒரு நாள் முழுவதும், சில வேளை அதற்கு மேலும், கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். போகும்போது கடித்த அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கூட்டு மருந்தா தனி மருந்தா என்பது அதில்தான் இருக்கிறது.